நர்சிங் படிக்கிறவங்க ஆராய்ச்சி எவிடன்ஸ் தேடுறது எப்படி: ஒரே ஒரு ஐசியூ கேள்வியை வச்சு முழுமையான வழிகாட்டி

நர்சிங் கேர் ப்ளான்ல ரேஷனல்னு, அதாவது இதை ஏன் செய்றோம்னு காரணம் எழுதுற ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல பெரும்பாலும் "இன்ஃபெக்ஷன் வராம தடுக்க"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடுறோம், அதுவும் சீனியரோட ரெக்கார்டுல இருந்து எடுத்ததா இருக்கும். வைவால எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் "இதுக்கு எவிடன்ஸ், அதாவது ஆதாரம், என்னம்மா"ன்னு கேட்டாத்தான் அந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம்னே புரியும்.

டெக்ஸ்ட்புக் வேண்டாம்னு நான் சொல்ல வரல. அடிப்படைக்கு அதுதான் வேணும். ஆனா ஒரு புக் எழுதி, அச்சாகி, நம்ம லைப்ரரி ஷெல்ஃபுக்கு வர்றதுக்குள்ள வார்டுல செய்யவேண்டிய முறையே மாறியிருக்கலாம். வென்டிலேட்டர்ல இருக்கிற பேஷன்ட்டுக்கு குளோர்ஹெக்சிடின்கிற கிருமிநாசினி மவுத்வாஷ் வச்சு வாய் சுத்தம் பண்றதையே எடுத்துக்கோங்க. வென்டிலேட்டரால வர்ற நிமோனியாவை, அதாவது விஏபியை, தடுக்கிறதுக்கான பண்டில்ல, அதாவது சேர்த்துச் செய்யவேண்டிய பராமரிப்புத் தொகுப்புல, பல வருஷமா அது இருந்துச்சு. 2022ல அமெரிக்காவுல ஷியா, ஐடிஎஸ்ஏ, ஏபிஐசிங்கிற தொற்றுத் தடுப்பு, தொற்றுநோய் நிபுணர் அமைப்புகள் சேர்ந்து வழிகாட்டுதலைப் புதுப்பிச்சப்போ, பல் துலக்கி வாய் சுத்தம் பண்ணுங்க, ஆனா குளோர்ஹெக்சிடின் வேண்டாம்னு மாத்திட்டாங்க. ஏன் மாத்துனாங்கன்னு நீங்களே தேடிக் கண்டுபிடிக்கிற அளவுக்கு உங்களைக் கொண்டு போறதுதான் இந்த வழிகாட்டியோட நோக்கம், அதனால இதே கேள்வியையே கடைசி வரைக்கும் உதாரணமா வச்சுக்கிறேன்.

படி 1: தேடுறதுக்கு முன்னாடி கேள்வியை எழுதுங்க

கம்ப்யூட்டரைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. "விஏபி பத்தி தேடணும்"ங்கிறது கேள்வி இல்ல, அது டாபிக். டாபிக்கை அப்படியே தேடினா ஆயிரக்கணக்குல வந்து கொட்டும், அதுல முதல் பக்கத்துல இருக்கிற நாலைத் தூக்கி ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர்ல போட்டுடுவோம், அதுதான் எல்லா டிசர்டேஷன்லயும் நடக்குது.

கேள்வியை பைகோ (PICO) முறையில நாலாப் பிரிங்க. யாருக்கு: ஐசியூல வென்டிலேட்டர்ல இருக்கிற பெரியவங்க. என்ன செய்றோம்: குளோர்ஹெக்சிடின் வச்சு வாய் சுத்தம். எதோட ஒப்பிடுறோம்: குளோர்ஹெக்சிடின் இல்லாம பல் துலக்கி, சாதாரணமா வாய் சுத்தம் பண்றது. என்ன விளைவைப் பார்க்கிறோம்: விஏபி வருதா, இறப்பு குறையுதா. இந்த நாலாவதுல ரெண்டு விளைவைத் தனித்தனியா எழுதியிருக்கேன் பாருங்க, ஏன்னு ஏழாவது படியில தெரியும்.

எல்லாக் கேள்வியும் இப்படி அடங்காது. "டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்க மனசுல என்ன ஓடுது", "கேன்சர் வார்டுல கூட இருந்து பார்த்துக்கிற குடும்பத்தார் எப்படி சமாளிக்கிறாங்க" மாதிரி கேள்வியில ஒப்பீடே கிடையாது. அங்க யாரு, எந்த அனுபவம், எந்தச் சூழல்னு மூணு போதும், தேடவேண்டியதும் குவாலிட்டேட்டிவ் ஸ்டடி, அதாவது பேட்டி மூலமா அனுபவத்தைப் புரிஞ்சுக்கிற ஆய்வு. சிகிச்சை வேலை செய்யுதான்னு கேட்டா, ஆளுங்களைக் குலுக்கல் மாதிரி குழுவாப் பிரிச்சு ஒப்பிடுற ரேண்டமைஸ்டு டிரையலும், அதையெல்லாம் ஒண்ணா சேர்த்து அலசுற சிஸ்டமேட்டிக் ரிவ்யூவும் வேணும். எதனால நோய் வருதுன்னு கேட்டா, ஒரு குழுவைத் தொடர்ந்து கவனிக்கிற கோஹார்ட், நோய் வந்தவங்களை வராதவங்களோட ஒப்பிடுற கேஸ் கன்ட்ரோல். ஸ்டடி வகைகளைத் தரவரிசையா அடுக்கிக் காட்டுற பிரமிடு படத்தை மனப்பாடம் பண்ணி மேல இருக்கிறதுதான் எப்பவும் உசத்தின்னு நினைக்காதீங்க, கேள்விக்கு ஏத்த ஸ்டடிதான் உசத்தி.

படி 2: வார்த்தைகளைச் சேருங்க

இதை அவசரமா பண்ணாதீங்க. ஒரே விஷயத்தை ஒவ்வொரு நாட்டு ஆளுங்களும் ஒவ்வொரு மாதிரி எழுதுவாங்க. ஓரல் ஹைஜீன், ஓரல் கேர், மவுத் கேர், டூத்பிரஷ்ஷிங், மவுத்வாஷ், இதெல்லாம் நமக்கு ஒண்ணுதான், ஆனா டேட்டாபேஸுக்கு வேற வேற. நாம வார்டுல பெட்சோர்னு சொல்றது பேப்பர்ல டெகுபிட்டஸ் அல்சர், ப்ரெஷர் அல்சர்னு வரும், 2016க்கு அப்புறம் அமெரிக்காவுல ப்ரெஷர் இஞ்சுரின்னு மாத்திட்டாங்க, இதுல ஒண்ணை மட்டும் தேடினா மத்த பேர்ல வந்த வேலை எல்லாம் விட்டுப்போயிடும். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அமெரிக்கன் ஸ்பெல்லிங் வித்தியாசமும் உண்டு, பீடியாட்ரிக், அனஸ்தீசியா, டயரியா மாதிரி வார்த்தைகள்ல கவனமா இருங்க.

பைகோவோட ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம் போட்டு, அதுக்குக் கீழ கிடைக்கிற வார்த்தை எல்லாத்தையும் எழுதி வைங்க. ஒரு நல்ல கட்டுரை ஏற்கெனவே கையில இருந்தா அதோட கீவேர்டு வரியைப் பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

படி 3: எங்க தேடணும்

முதல்ல காக்ரேன் லைப்ரரி. 1993ல ஆரம்பிச்ச அமைப்பு இது, ஒரு கேள்விக்கு உலகத்துல நடந்த டிரையல்களைத் தேடி, தரம் பார்த்து, சேர்த்து ரிவ்யூ எழுதுறதுதான் அவங்க வேலை. உங்க கேள்விக்கு அங்க ஒரு ரிவ்யூ இருந்தா உங்களுக்குப் பல மாச வேலை மிச்சம். வெளியாகி 12 மாசம் ஆன ரிவ்யூவை யார் வேணா இலவசமா படிக்கலாம். 2007ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் பணம் கட்டி இந்தியா முழுக்க இதைத் திறந்து விட்டதும் நடந்துச்சு. இன்னொரு நல்ல விஷயம், ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் எளிய மொழியில ஒரு சுருக்கம் இருக்கும், அதுல கணிசமானது தமிழ்லயும் மொழிபெயர்த்துப் போட்டிருக்காங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பார்த்து பயப்படுறவங்க முதல்ல அதைப் படிச்சுட்டு முழு ரிவ்யூவுக்குப் போங்க.

அடுத்து பப்மெட். அமெரிக்க நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின் நடத்துறது, 1996ல வந்துச்சு, தேடுறதுக்குக் காசே கிடையாது. இதுல தேடத் தெரிஞ்சுக்கிட்டா மத்த எல்லா டேட்டாபேஸும் சுலபமாயிடும்.

மூணாவது சினால். நர்சிங்குக்குன்னே இருக்கிற டேட்டாபேஸ், பப்மெட்ல வராத நர்சிங் ஜர்னல்கள் இதுல இருக்கும், குவாலிட்டேட்டிவ் கேள்விக்கு இதை விடவே கூடாது. ஆனா காசு கட்டுறது, காலேஜ் சந்தா இருந்தாத்தான். லைப்ரரியன்கிட்ட நேரா போய்க் கேளுங்க. சந்தா இருந்தும் யாரும் லாகினே பண்ணாம கிடக்கிற காலேஜ்கள் உண்டு, அதைப் பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

கூகுள் ஸ்காலரைக் கடைசியா வைங்க. தேடுறது சுலபம்தான், ஆனா எந்த வரிசையில ஏன் காட்டுதுன்னு தெரியாது, ஃபில்டரும் கம்மி, தரமில்லாத ஜர்னலும் கலந்து வரும். ஒரு நல்ல கட்டுரை கிடைச்சப்புறம் அதை யாரெல்லாம் பின்னாடி மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு பார்க்கிறதுக்கும், இலவச பிடிஎஃப் எங்கயாவது கிடக்கான்னு பார்க்கிறதுக்கும் அது அருமை.

நம்ம ஊர் வார்டு நிலைமைக்கு ஏத்த ஆராய்ச்சி வேணும்னா இந்திய ஜர்னல்களையும் பாருங்க. வேலூர் சிஎம்சி நர்சிங் காலேஜ்ல இருந்து வர்ற இந்தியன் ஜர்னல் ஆஃப் கன்டினியூயிங் நர்சிங் எஜுகேஷன், இந்திய நர்சுகள் சங்கமான டிஎன்ஏஐயோட நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா, ஐசியூ விஷயத்துக்கு இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரிட்டிக்கல் கேர் மெடிசின். ஒரு நர்ஸ் எத்தனை பேஷன்ட்டைப் பார்க்கணுங்கிறதே நம்ம ஊர்ல வேற, கனடாவுல வேற, அதனால இது ரொம்ப முக்கியம்.

இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைச் சேர்த்து வைக்கிற ஷோத்கங்கா தளத்துலயும், தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோட ரெப்போசிட்டரியிலயும் தீசிஸ் நிறைய இருக்கு. கேள்வித்தாள் மாதிரியான டூல் எப்படி அமைச்சிருக்காங்க, சேம்பிள் எப்படி எடுத்திருக்காங்கன்னு பார்க்க நல்லா உதவும். ஆனா அதுல இருக்கிற ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சரை அப்படியே எடுக்காதீங்க, அதுல சொல்லியிருக்கிற மூலக் கட்டுரையைத் தேடிப் படிச்சுட்டு அப்புறம் எழுதுங்க.

படி 4: பப்மெட்ல டைப் பண்றது

முழு வாக்கியமா டைப் பண்ணாதீங்க. ரெண்டாவது படியில போட்ட ஒவ்வொரு கட்டத்துலயும் இருக்கிற வார்த்தைகளுக்கு நடுவுல "ஆர்" போட்டு ஒரு அடைப்புக்குறிக்குள்ள வைங்க, ஒரு அடைப்புக்குறிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல "ஆண்ட்" போடுங்க. நம்ம கேள்விக்கு இப்படி வரும், டைப் பண்றப்போ இங்கிலீஷ்ல பண்ணணும்:

(வென்டிலேட்டர் அசோசியேட்டட் நிமோனியா ஆர் மெக்கானிக்கல் வென்டிலேஷன்) ஆண்ட் (ஓரல் ஹைஜீன் ஆர் ஓரல் கேர் ஆர் மவுத் கேர் ஆர் டூத்பிரஷ்ஷிங்) ஆண்ட் (குளோர்ஹெக்சிடின்)

ஆண்ட், ஆர், நாட் மூணையும் கேப்பிட்டல் லெட்டர்ல அடிக்கணும், சின்ன எழுத்துல அடிச்சா பப்மெட் அதைக் கட்டளையா எடுத்துக்காது. நாட் மட்டும் ரொம்ப யோசிச்சுப் போடுங்க, குழந்தைகள் வேண்டாம்னு நாட் போட்டா, பெரியவங்களையும் குழந்தைகளையும் சேர்த்துப் பண்ணின நல்ல ஸ்டடியும் சேர்ந்தே காணாமப் போயிடும்.

இறப்பு மாதிரியான விளைவு வார்த்தைகளுக்குன்னு தனி அடைப்புக்குறி நான் வேணும்னேதான் போடல, விஏபியும் வென்டிலேட்டர் பேஷன்ட்டைப் பிடிக்கத்தான் முதல் அடைப்புக்குறியில ஆர் போட்டு இருக்கு. அப்ஸ்ட்ராக்ட்ல அந்த வார்த்தையைக் குறிப்பிடாத கட்டுரை நிறைய இருக்கும், உள்ள டேபிள்ல மட்டும் இருக்கும். யாருக்கு, என்ன செய்றோம், இந்த ரெண்டையும் வச்சுத் தேடுங்க, மீதியைப் படிக்கும்போது வடிகட்டிக்கலாம்.

அடுத்து மெஷ். கட்டுரை எழுதினவங்க எந்த வார்த்தை போட்டிருந்தாலும், அது எதைப் பத்தினதுன்னு லைப்ரரி தரப்புல ஒரு பொதுத் தலைப்பு ஒட்டி வைப்பாங்க, அதுக்குப் பேர்தான் மெஷ். பப்மெட் முகப்புலயே மெஷ் டேட்டாபேஸுக்கு லிங்க் இருக்கு. அங்க போய்த் தேடினா விஏபிக்கு "நிமோனியா, வென்டிலேட்டர்-அசோசியேட்டட்"னும், வாய் சுத்தத்துக்கு "ஓரல் ஹைஜீன்"னும், வென்டிலேட்டருக்கு "ரெஸ்பிரேஷன், ஆர்டிஃபிஷியல்"னும் இருக்கும். நீங்க சாதாரணமா டைப் பண்ற வார்த்தையைக்கூட பப்மெட் தானாவே மெஷ்ஷா மாத்திப் பார்க்கும், எப்படி மாத்துச்சுன்னு அட்வான்ஸ்டு பக்கத்துல ஹிஸ்டரியில டீட்டெய்ல்ஸைத் திறந்தா தெரியும், ஒரு தடவையாவது திறந்து பாருங்க. ஆனா வார்த்தையை மேற்கோள் குறிக்குள்ள போட்டாலோ, முடிவுல நட்சத்திரக் குறி போட்டாலோ அந்தத் தானியங்கி மாத்தல் நின்னுடும். நட்சத்திரம் போட்டா டூத்பிரஷ், டூத்பிரஷ்ஷிங்னு அந்த ஆரம்பத்துல வர்ற எல்லாமே வரும், அந்த வசதிக்காக ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும் போடலாம். மெஷ்ஷையும் சாதாரண வார்த்தையையும் ஆர் போட்டு சேர்த்துத் தேடுறதுதான் பாதுகாப்பு.

படி 5: ரொம்ப வந்தா, ரொம்பக் கம்மியா வந்தா

இடது பக்கம் ஃபில்டர் இருக்கும். முதல்ல சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, பல ஸ்டடியோட எண்களைச் சேர்த்துக் கணக்குப் போடுற மெட்டா அனாலிசிஸ் மட்டும் டிக் பண்ணிப் பாருங்க, அப்புறம் ரேண்டமைஸ்டு டிரையல். "கடைசி 5 வருஷம்"னு கைடு சொல்வாங்க, அது நல்ல பழக்கம்தான், ஆனா அந்தத் துறையையே மாத்தின பழைய ஸ்டடியை அதுக்காக விட்டுடாதீங்க. இலவச ஃபுல் டெக்ஸ்ட் ஃபில்டரை மட்டும் ஆரம்பத்துல போடவே போடாதீங்க, காசு கேட்கிற கட்டுரையிலதான் உங்க பதில் இருக்குன்னா அப்படி ஒண்ணு இருக்குறதே உங்களுக்குத் தெரியாமப் போயிடும். போட்ட ஃபில்டர் அடுத்த தேடலுக்கும் ஒட்டிக்கிட்டே வரும், கிளியர் பண்ணிட்டு அடுத்ததைத் தேடுங்க.

கம்மியா வந்தா ஒரு அடைப்புக்குறியையே எடுத்துடுங்க, இல்லன்னா இன்னும் நாலு வார்த்தை ஆர் போட்டு சேருங்க. பொருத்தமான ஒரு கட்டுரை கிடைச்சுட்டா அதுக்குக் கீழ இருக்கிற சிமிலர் ஆர்ட்டிகிள்ஸ், சைட்டட் பை ரெண்டையும் பாருங்க, அதோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்டையும் பாருங்க.

படி 6: ஃபுல் டெக்ஸ்ட் எடுக்கிறது

அப்ஸ்ட்ராக்ட்டை மட்டும் படிச்சு எழுதக்கூடாது. பப்மெட்ல வலது பக்கம் பிஎம்சி, அதாவது பப்மெட் சென்ட்ரல், ஐகான் இருந்தா ஃபுல் டெக்ஸ்ட் இலவசம். அன்பேவால்னு ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு, சட்டப்படி இலவசமா எங்க கிடைக்குதுன்னு காட்டிடும்.

அரசு காலேஜ்ல படிக்கிறவங்க ஒன் நேஷன் ஒன் சப்ஸ்க்ரிப்ஷன் பத்தி லைப்ரரியில கேளுங்க. 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து 2025 ஜனவரி 1ல இருந்து ஆரம்பிச்ச திட்டம், 30 பப்ளிஷர்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல்களுக்கு மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சேர்த்து சந்தா கட்டியிருக்காங்க, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கிற அரசு மையமான இன்ஃப்ளிப்நெட் மூலமா நடக்குது. பிரைவேட் காலேஜ் பசங்களுக்கு இது இல்லங்கிறது பெரிய குறைதான், தமிழ்நாட்டுல நர்சிங் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் பிரைவேட்லதானே இருக்காங்க. அவங்க காலேஜ் சந்தாவைக் கேளுங்க, அதுலயும் இல்லன்னா கட்டுரை எழுதினவருக்கே ஒரு மெயில் போடுங்க. நான் இன்ன காலேஜ் மாணவி, இந்தக் கட்டுரை எனக்கு இதுக்காக வேணும்னு ரெண்டு வரி போதும். தன்னோட வேலையை ஒரு ஸ்டூடன்ட் கேட்டுப் படிக்கிறாங்கன்னா பெரும்பாலானவங்க சந்தோஷமா அனுப்புவாங்க.

படி 7: படிக்கிறது, இங்கதான் நேரம் செலவழிக்கணும்

முடிவுரைக்கு முதல்ல போகாதீங்க. மெத்தட்ஸ் பகுதியில யாரைச் சேர்த்தாங்க, எப்படிப் பிரிச்சாங்க, எத்தனை பேர் நடுவுல விலகினாங்கன்னு பார்த்துட்டு ரிசல்ட் டேபிளைப் பாருங்க, கடைசியா டிஸ்கஷன். ஸ்டடியோட தரத்தைச் சரிபார்க்க காஸ்ப் (CASP) செக்லிஸ்ட் இலவசமா கிடைக்குது, ஒவ்வொரு வகை ஸ்டடிக்கும் தனித்தனியா இருக்கு.

நம்ம கேள்விக்கு வருவோம். 2020ல வந்த காக்ரேன் ரிவ்யூ குளோர்ஹெக்சிடின் போட்டா விஏபி 26 சதவீதத்துல இருந்து சுமார் 18 சதவீதமா குறையலாம்னு சொல்லுது, 13 டிரையல், 1206 பேர். இதை 0.67ன்னு ரிஸ்க் ரேஷியோவா, அதாவது ரெண்டு குழுவோட ஆபத்துக்கும் உள்ள விகிதமா எழுதியிருப்பாங்க, "மூணுல ஒரு பங்கு குறையுது"ன்னு பெருசா தெரியும், ஆனா நேர் கணக்குல 100 பேர்ல 8 பேருக்குத்தான் வித்தியாசம், அதாவது சுமார் 12 பேருக்குப் போட்டா ஒருத்தருக்கு விஏபி தவிருது. கான்ஃபிடன்ஸ் இன்டர்வல், அதாவது உண்மையான அளவு இருக்க வாய்ப்புள்ள எல்லை, 0.47ல இருந்து 0.97 வரைக்கும். 1ங்கிறது வித்தியாசமே இல்லாத நிலை, 0.97 அதுக்குப் பக்கத்துலயே நிக்குது, அப்போ பலன் ரொம்பச் சின்னதாவும் இருக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கட்டுரை எடுத்தாலும் இந்த மூணையும் பாருங்க: நேர் வித்தியாசம் எவ்வளவு, இன்டர்வல் எவ்வளவு அகலம், 1ஐத் தொடுதா.

இங்க நிறுத்திட்டா குளோர்ஹெக்சிடின் நல்லதுன்னு எழுதிடுவோம். ஆனா நாம இறப்பையும் தனியா கேட்டிருந்தோம்ல, அதுல குறைஞ்சதுக்கு அதே ரிவ்யூல ஆதாரம் இல்ல. 2014ல ஜாமா இன்டர்னல் மெடிசின்கிற ஜர்னல்ல வந்த மெட்டா அனாலிசிஸ், இதய ஆபரேஷன் பண்ணினவங்களைத் தவிர மத்தவங்கள்ல இறப்பு கொஞ்சம் கூடுதோங்கிற சந்தேகத்தையே கிளப்புச்சு, உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல, ஆனா கண்டுக்காம விடவும் முடியாது. 2021ல கனடாவுல குளோர்ஹெக்சிடினை நிறுத்திட்டு முறையான வாய்ப் பராமரிப்பைக் கொண்டு வந்து பார்த்தாங்க, நிறுத்தினதால இறப்புல வித்தியாசம் தெரியல. 2023 கடைசியில அதே ஜாமா இன்டர்னல் மெடிசின்ல 15 டிரையலைச் சேர்த்த ஒரு அலசல் வந்துச்சு, தினமும் பல் துலக்கிவிட்டவங்கள்ல ஆஸ்பத்திரி நிமோனியாவும் ஐசியூ இறப்பும் குறைவுன்னு, பலன் முக்கியமா வென்டிலேட்டர்ல இருந்தவங்களுக்கு.

பாருங்க, மருந்து பாட்டிலை விட நம்ம கையில இருக்கிற சின்ன பிரஷ்ஷுக்குத்தான் ஆதாரம் பலமா நிக்குது. ஒரு கட்டுரையோட நிறுத்தியிருந்தா இது தெரிஞ்சிருக்காது. உங்க எண்ணத்துக்கு ஒத்துப்போற பேப்பரைத் தேடாதீங்க, எதிரா என்ன இருக்குன்னு வேணும்னே தேடுங்க, அந்த பேஷன்ட்டால பேசவும் முடியாது, அவருக்காகக் கேட்கவேண்டியது நாமதான்.

படி 8: நம்பலாமா

ஜர்னல் பேரை நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசினோட என்எல்எம் கேட்டலாக்ல போட்டுப் பாருங்க, அவங்க தேர்ந்தெடுத்த ஜர்னல்களோட டேட்டாபேஸான மெட்லைன்ல இன்டெக்ஸ் ஆகுதான்னு தெரியும். பப்மெட்ல வர்றதெல்லாம் மெட்லைன் கிடையாது. யாரும் இலவசமா படிக்கிற ஓபன் ஆக்சஸ் ஜர்னல்னா, அதுக்கான பட்டியலான டிஓஏஜேல (DOAJ) இருக்கான்னு பாருங்க. ரெண்டே நாள்ல பப்ளிஷ் பண்றோம்னு மெயில் அனுப்புற, நர்சிங்ல இருந்து சிவில் இன்ஜினியரிங் வரைக்கும் எல்லாத்தையும் போடுற ஜர்னலை விட்டுடுங்க. கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தா பப்மெட் மேலயே எச்சரிக்கை காட்டும், அதைக் கவனிக்காம மேற்கோள் காட்டிடாதீங்க.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐகிட்ட மாத்து வார்த்தைகள் கேளுங்க, தப்பில்ல. ரெஃபரன்ஸ் மட்டும் கேட்காதீங்க. இல்லாத கட்டுரையை, நிஜமான ஜர்னல் பேரோட, வருஷத்தோட, நம்புற மாதிரியே எழுதிக் கொடுக்கும். எந்த ரெஃபரன்ஸா இருந்தாலும் அந்தக் கட்டுரையோட அடையாள எண்ணான பிஎம்ஐடியோ (பப்மெட் எண்) டிஓஐயோ போட்டுத் திறந்து பார்த்து, நீங்க படிச்சிருந்தா மட்டும் எழுதுங்க.

படி 9: குறிச்சு வைங்க

ஒரு நோட்டுல எந்தத் தேதி, எந்த டேட்டாபேஸ், தேடின வரி அப்படியே, என்ன ஃபில்டர், எத்தனை வந்துச்சு, எத்தனை எடுத்தீங்கன்னு எழுதுங்க. எத்தனை கட்டுரை கிடைச்சு எத்தனை எடுத்தோம்னு காட்டுற ப்ரிஸ்மா படம் போடச் சொன்னா இந்தக் கணக்குதான் வேணும், வைவாவுல கேட்டாலும் இதுதான் பதில். ரெஃபரன்ஸ் சேமிக்கிற ஜோட்டெரோ சாஃப்ட்வேர் இலவசம், பிரவுசர்ல ஒரு கிளிக்ல கட்டுரையைச் சேர்த்துக்கும், வான்கூவரோ ஏபிஏவோ உங்க காலேஜ் கேட்கிற ஸ்டைல்ல ரெஃபரன்ஸ் போட்டுக் கொடுக்கும். தானா வர்ற ரெஃபரன்ஸ்ல பேர், பக்க எண் சில சமயம் தப்பா வரும், ஒரு தடவை சரிபார்த்துடுங்க.

எழுதும்போது "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்"னு ஆளுக்கு ஒரு பாரா போடாம, விஏபிக்கு என்ன ஆதாரம், இறப்புக்கு என்ன ஆதாரம்னு விளைவு வாரியா எழுதுங்க, எங்க ஒத்துப்போகுது, எங்க முரண்படுது, ஏன்னு சொல்லுங்க. கடைசியா பப்மெட்ல ஒரு அக்கவுன்ட் தொடங்கி உங்க தேடலை சேவ் பண்ணி அலர்ட் போட்டுடுங்க, புதுக் கட்டுரை வந்தா மெயில்ல வந்துடும். டிசர்டேஷன் முடிஞ்சு ஐசியூ டியூட்டிக்குப் போனப்புறமும் அந்த அலர்ட்டை நிறுத்தாதீங்க.